நான் அடுக்கிய விண்வெளிப் பை

விண்வெளியில் முறுக்குத் தின்னக் கூடாது. கடித்தால் தூள் பறக்கும். பறந்த தூள் கீழே விழாது, கண்ணிலும் கருவியிலும் போய் உட்காரும். ஒன்பதாம் வகுப்பில் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் கையை நிறுத்தாமலே, "ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவாங்கோ, அத்த சொல்லு மொதல்ல" என்பார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து ஓர் அறிவியல் குழு ஆரணிக்கு வந்து எங்கள் பள்ளியில் விண்வெளி முகாம் நடத்தியது. பின்பக்க ஹாலில் மூங்கில், அட்டை, வெள்ளித்தாள் எல்லாம் வைத்து ஒரு விண்கலம் கட்டினார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஆறு பேர் உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்தினால் விடிந்துதான் திறப்பார்கள். பக்கத்து அறையில் இருக்கும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு மைக்கில் மட்டும் பேசலாம். அந்த ஆறு பேரில் நான் ஒருத்தி. எனக்குப் பிராணவாயுப் பொறுப்பு. முகாமைப் பார்த்துக்கொண்ட இயற்பியல் சார் பேட்ஜைக் கையில் கொடுத்தபோது, அதை வீடு வரைக்கும் மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வானம் நன்றாகத் தெரியட்டும் என்று அந்தக் கடைசி நாளை அமாவாசையில் வைத்திருந்தார்கள். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. அதனால் வீட்டில் எனக்கு வேலை வைக்க மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்குத்தான் அப்பா முதலாளி வீட்டுக்குப் போவார். நெய்து முடித்த சேலைகளைக் கொடுத்துவிட்டு அடுத்த பாவையும் ஜரிகையையும் வாங்கி வருவார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டிழை. முதலாளி அதைக் கொடுத்தால்தான் தறி ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இதற்கும் விண்வெளிக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதுதான் தெரியாது.

காலையிலேயே பையை அடுக்க ஆரம்பித்தேன். ஒருவருக்கு இரண்டு கிலோ, அதற்குமேல் ஒரு கிராமும் கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பட்டு நிறுக்கிற தராசு இருந்தது. போர்வையை நிறுத்தேன், எடுத்தேன், மடிப்பை மாற்றி மறுபடி நிறுத்தேன். மடிப்பை மாற்றினால் எடை குறையுமா என்று தம்பி கேட்டான். போடா என்றேன். பல்பொடி பறக்கும் என்று ஒதுக்கினேன், பேஸ்ட் வாங்க யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். தூங்கும்போது மிதக்காமல் இருக்க உடம்பைக் கட்டிக்கொள்ள ஒரு நாடா. ஆரணியில் யாரும் மிதக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எடுத்து வைத்தேன்.

மத்தியானம் அப்பா பாவு மூட்டையோடு வந்தார். என் பக்கம் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏதோ பேசினார். அதற்கப்புறம் அம்மாவுக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. அதுவரை "ஒரு ராத்திரிக்கு இவ்ளோ அலப்பறையா" என்று பேசிக்கொண்டிருந்தவள் கடைக்குப் போய் பேஸ்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். நெய் விட்டு, முந்திரி போட்டு, உதிராமல் இறுக்கி உருண்டை பிடித்தாள். எங்கள் வீட்டில் முந்திரி பொங்கலுக்கு மட்டும்தான். நான் என் பழைய துண்டை வைத்ததும் அதை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டை வைத்தாள். "நாலு பேரு பாக்கற எடத்துல இது நல்லா இருக்காது" என்றாள். அம்மாவுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியின் மகள் இறங்கினாள். எங்கள் பள்ளியில்தான், பக்கத்து செக்‌ஷன். அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தார்.

"எல்லாம் ரெடியா வெச்சிருக்கோம்மா. எட கூட கரெக்டா இருக்குது."

அம்மா என்னிடம் வந்து மெதுவாக, "அந்த பேட்ஜையும் குடுத்துடு" என்றாள். நான் அசையவில்லை. என் சட்டையிலிருந்து அவளே கழற்றினாள். அவள் விரலில் நெய் வாசனை அடித்தது. முந்திரி, துண்டு, பேஸ்ட் எதுவுமே எனக்கு இல்லை என்று அந்த வாசனையில்தான் புரிந்தது.

கார் போனபின் நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். முதலாளி மகளுக்காக என் இடத்தைக் கேட்டார், பாவு கொடுக்கிற நேரத்தில் கேட்டதை இல்லை என்று சொல்ல முடியாது என்று அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அது கூட எனக்குப் பாதி புரிந்தது.

மறுநாள் பையைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள். கெட்டவள் இல்லை. உருண்டை நன்றாக இருந்தது என்றாள், நாடாவால் கட்டிக்கொண்டு எல்லாரும் தூங்கினார்களாம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். கிளம்பும்போது என் தோளைத் தொட்டாள்.

"உனக்கு ராத்திரி வெளிய தங்க பயமாமே. உங்க அப்பா சொன்னாரு. எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருந்துது. அப்புறம் போயிடுச்சி."

அவள் போகும்வரை காத்திருந்து அப்பாவிடம் போனேன். அவர் புதுப் பாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்தேன்னு ஏன் சொன்னே?"

"வேற இன்னான்னு சொல்றது? அவங்கோ கேட்டு நான் குடுத்தேன்னா அவங்களுக்கு அசிங்கமாப் போயிடும். நீயே வேணான்னுட்டேன்னு சொன்னா யாருக்கும் பேஜார் இல்ல."

"எனக்கு?"

"நீ எங்க பொண்ணும்மா" என்றார். அதுவே பதில் என்பதுபோல மறுபடி இழையைப் பார்க்கத் தொடங்கினார்.

இடத்தைக் கொடுத்ததை எப்படியாவது விழுங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் என் பெயரில் ஒரு பயத்தைச் செய்து, அதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்க நான் பயந்துபோய் வரவில்லை என்றுதான் பேச்சு. இயற்பியல் சாரிடம் போய், நான் பயப்படவில்லை என்றேன். சொல்லும்போதே குரல் நடுங்கியதால் பயந்தவள் மாதிரியே இருந்தது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தெரியும்மா. உங்க அப்பா எங்கிட்ட உண்மையத்தான் சொன்னாரு" என்றார். அப்படியானால் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். அது உங்க அப்பாவுக்குத்தான் கஷ்டம் என்றார். அடுத்த வருடம் முகாம் வந்தால் முதல் பெயர் என்னுடையதுதான் என்றும் சொன்னார். அந்தக் குழு அதற்கப்புறம் எங்கள் பள்ளிக்கு வரவேயில்லை.

அன்று சாயங்காலம் விண்கலத்தைப் பிரிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது. பாதி வெள்ளித்தாளை ஏற்கெனவே கிழித்திருந்தார்கள். குனிந்து உள்ளே நுழைந்தேன். பசை வாசனையும் பலர் தூங்கி எழுந்த புழுக்கமும் கலந்திருந்தது. பிராணவாயுப் பலகையில் நான் பெயர் மட்டும் தெரிந்து வைத்திருந்த மூன்று குமிழ்கள் இருந்தன, மூன்றும் பாட்டில் மூடிகள். முதல் குமிழைத் திருப்பினேன். நன்றாகத்தான் திரும்பியது. இரண்டாவதில் கை வைத்தபோது வெளியே என் வகுப்புத் தோழியின் குரல் கேட்டது. கேலி செய்கிற குரல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டாள்.

"ஏய், உள்ள இருட்டா இருக்கும். லைட்டு போடட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் யாரோ போட்டுவிட்டார்கள்.