மாதம் மூன்று நாள் பொய்

திருவொற்றியூரில் நானும் என் ஓரகத்தி மல்லிகாவும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். நாற்பத்தேழு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. "அது நின்னுட்டா கிழவிதான்" என்று மல்லிகா யாரையோ கேலி செய்ததைக் கேட்டிருந்தேன். அதனால், மாதந்தோறும் மூன்று நாள் பூஜை அலமாரிப் பக்கம் போகாமல் நடித்துவந்தேன். ஒரு மாதமும் தேதி தவறவில்லை.

பிறகு ஒருநாள் குளியலறையில் லேசாகத்தான் வழுக்கினேன், மணிக்கட்டு உடைந்தது. "மாதவிலக்கு நின்னுடுச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். துணைக்கு வந்த மல்லிகா பக்கத்தில் நின்றாள். "இல்லைங்க, சரியா வருது" என்றேன். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகெலும்பில் முறிவு. அதே டாக்டர், துணைக்கு அதே மல்லிகா. தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன்.

"அது நின்னா எலும்பு பலவீனமாகும். அன்னிக்கே சொல்லியிருந்தா எலும்பைப் பரிசோதிச்சு மருந்து ஆரம்பிச்சிருப்பேனேம்மா" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் மல்லிகா, "இன்னாக்கா நீ? எனக்குந்தான் நின்னுபோச்சு. மூத்தவ நீயே மூணு நாள் ஒதுங்கிகினு கீறே, நான் எப்படி வாயத் தொறப்பேன்?" என்றாள்.

என் முதுகு சற்று வளைந்தே இருக்கிறது. மாத்திரையோடு இப்போது கேழ்வரகுக் கூழும் நெத்திலியும் தவறாமல் சாப்பிடுகிறேன். துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூசிக்குப் பயந்து பூட்டியிருந்த மொட்டைமாடியில் இருவரும் காலை வெயிலில் நடக்கிறோம். போன மாதம் மல்லிகாவையும் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நின்னுபோச்சு டாக்டர்" என்று வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.