மொட்டை மாடி வாளியும் நசரத்பேட்டைச் சிலம்பமும்

ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்குத் திருமுல்லைவாயில் வீட்டைப் பூட்டினோம். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நானும் மருமகள் செல்வியும்தான். சுமை ஒரு பை, இரண்டு தண்ணீர் பாட்டில், அவள் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு.

செல்விக்கு வயது முப்பத்தெட்டு. நசரத்பேட்டையில் சிலம்ப அணிக்குத் தேர்வு. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரே ஓர் இடம். சென்ற ஆண்டு ஒரு மதிப்பெண்ணில் தவறிவிட்டது. "இந்தத் தடவையும் போச்சுன்னா, இந்தக் கம்புல துணி காயப்போட்டுக்கறேன் மாமா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆவடி வரை ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

"நைனா, கம்ப உள்ள இஸ்துக்கோ. போலீஸ்காரர் மூக்குல குத்திட்டா எனக்குத்தான் ஃபைன்" என்றார் ஓட்டுநர்.

6.35க்குப் பூந்தமல்லி பேருந்து. அவளுக்கு இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். வழியெல்லாம் என் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தன. எட்டு மாதமாக மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அவளுக்குத் தாளம் போட்டவன் நான்தான். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு காலடி. ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பூந்தமல்லியில் இரண்டு இட்லி தின்றோம். அங்கிருந்து நெடுஞ்சாலையில் நாலு கிலோமீட்டர். 8.05க்கு மைதானம். பதினோரு பெண்கள். ஒன்றரை நிமிடம் சுற்ற வேண்டும், மேளம் கிடையாது, கம்பு விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

செல்வி பத்தாவது. 9.40க்கு வணங்கிவிட்டு ஆரம்பித்தாள். மனத்துக்குள் எண்ணினேன், எழுபத்திரண்டு பிசகவில்லை. நாற்பதாவது நொடியில் சாலையில் சாவு மேளம் வந்தது. பாடையை முச்சந்தியில் இறக்கித் திசை மாற்றுவதற்காக நின்றார்கள். நின்றதும் அடி வலுத்தது. செல்வியின் கால்கள் அந்த அடிக்கு மாறின. கை பழைய வேகத்திலேயே இருந்தது. கம்பு அவள் கணுக்காலில் பட்டு உருண்டு போனது.

அடுத்தவர் பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கும் நூர்ஜகான். மேளம் இன்னும் ஓயவில்லை. முழு ஒன்றரை நிமிடமும் அந்தப் பெண்ணின் கால் ஓர் இடத்திலும் இடறவில்லை. இடம் அவருக்குத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சத்தம் உங்க கால இழுக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரு தாத்தா மேளம் தட்றாங்கோ? கடையில நாலு மிஷினு ஓடிக்கினே கீது, அதுக்கு நடுவுலதான் சுத்துவேன். காது ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்." பிறகு செல்வியைப் பார்த்து, "கணுக்காலுக்கு ஐஸ் வையி. வீங்கிடப் போவுது" என்றார்.

திரும்பும் பேருந்து கரையான்சாவடியைத் தாண்டியது. தட்டுக்குத் தட்டு எண்ணிப் பழக்கி, எந்த மேளம் கூப்பிட்டாலும் போகும்படி அந்தக் கால்களைக் கெடுத்து வைத்தவன் நான். "என் வாளிதாம்மா உன்னக் கெடுத்துடுச்சு. இனிமே தட்டல" என்றேன்.

செல்வி கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தட்டாம விட்டா எப்படி? நாளைக்கும் அஞ்சரைக்கு வாங்க. ஆனா நடுவுல நடுவுல விட்டுடுங்க, திடீர்னு வேகமாத் தட்டுங்க. எப்ப மாத்தப் போறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"வேணும்னே பிசகணுமா?"

"ஆமா மாமா. உங்களால முடியுமான்னுதான் யோசிக்கிறேன்."

முன் இருக்கைக் கம்பியில் விரலால் தட்டிப் பார்த்தேன். பருத்திப்பட்டு வந்துவிட்டது. ஒரு தட்டைக்கூட என்னால் தவறவிட முடியவில்லை.