தோளைத் தொட்டவர்

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் எதையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. "நீ உன் நிழலையே சந்தேகப்படுவ" என்பாள் அம்மா. பன்னிரண்டு வருஷம் தெருத்தெருவாகக் கேமராவோடு அலைந்து, முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுத்தவன் நான். ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டேன். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்... அந்த ஆள் அன்று அந்தத் தெருவில் என் கண்ணில் படவே இல்லை.

தெருப் படங்கள் பேர் வாங்கித் தந்தன, சோறு போடவில்லை. பாட்டு வீடியோ இயக்கப் போனேன். நாலைந்து நன்றாக ஓடின. அப்புறம்தான் என் தங்கையின் முதல் பாட்டு என் கைக்கு வந்தது. அதுவரை அவள் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிக்கொண்டிருந்தவள். இது சொதப்பினால் இன்னொரு பாட்டு யாரும் தரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

துணை நடிகர்களை நான் வைத்துக்கொள்வதில்லை. நிஜத் தெரு, நிஜக் கூட்டம். ஒரு குறுகலான கடைத்தெருவில், பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால், தரையில் நீல டேப்பால் பெருக்கல் குறி ஒட்டினேன். மாலை வெயில் அங்கேதான் அழகாக விழுந்தது. தங்கையை அதன்மேல் நிறுத்தி, "பாப்பா, இத விட்டு நகரக் கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

எடுத்தது ஸ்லோமோஷன் காட்சி. அதற்கு ஒரு வித்தை உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவோம். கீச்கீச்சென்று கேட்கும். அவளும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் உதடு பாட்டோடு பொருந்திவிடும். சுற்றியுள்ள உலகம் மட்டும் மெதுவாக நகரும்.

முதல் டேக்கிலேயே குறியை விட்டு விலகினாள்.

"என்னாச்சு?"

"யாரோ தோளத் தொடுறாங்கண்ணா."

அவள் பின்னால் யாரும் இல்லை. கூட்டம் நன்றாகத் தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தது. பயத்தில் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த டேக்கிலும் நகர்ந்தாள். அதற்கடுத்ததிலும், நாலாவதிலும். எல்லாம் இடது பக்கமாகவே, ஒவ்வொரு முறையும் இன்னும் ஓரடி கூடுதலாக.

"தொடல அண்ணா... தள்ளுறாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு இடத்துல நிக்கத் தெரியாதவளுக்குப் பாட்டு எதுக்கு? போதும், பேக்கப்" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. "ஒரே ஒரு டேக் அண்ணா" என்று கெஞ்சினாள். நான் காதில் வாங்கவில்லை. வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதபடியே வந்தாள்.

மறுநாள் காலை எடிட்டரின் அறைக்குப் போனேன். எப்போதும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்வான். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் தூக்கம். முதல் டேக்கைப் பாதி வேகத்தில் ஓடவிட்டான். தங்கை அழகாக இருந்தாள். கூட்டம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெல்ல மிதந்தது.

ஒருவரைத் தவிர.

சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. அக்குளில் மடக்கிய குடை. நீங்களும் நானும் நடப்பதுபோலச் சாதாரணமாக நடந்து வந்தார்.

அந்த மெதுவான உலகத்தில்... சாதாரணமாக.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நான் இன்னும் கையே வைக்கலண்ணே."

நான் நம்பவில்லை. எதற்கோ விளையாடுகிறான் என்று தோன்றியது. கேமராவின் அசல் பதிவை என் கையாலேயே திறந்தேன்.

அதிலும் இருந்தார். வேகத்தைக் குறைக்காமல் பார்த்தபோது, விறுவிறுவென்று பூச்சி ஊர்வதுபோல் கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். அப்படி ஒருவர் வந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஒருவரும் திரும்பவில்லை. கையை நீட்டி, விரல் நுனியால் அவள் தோளைத் தொட்டார்.

இரண்டாவது டேக். இன்னும் பக்கத்தில்.

மூன்றாவது. அவள் முதுகுக்குப் பின்னால்.

தூக்கத்தின் கண் இப்போது முழுசாகத் திறந்திருந்தது.

கடைசி டேக். இப்போது அவர் முழுக் கையும் அவள் தோளில்.

தள்ளுகிறார். அவள் இடப்பக்கம் நகர்கிறாள்.

அவர் நிதானமாக... மேலே பார்க்கிறார்.

என் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அந்தக் கட்டடத்துல பால்கனி இடிஞ்சு விழுந்துருச்சாம். நேத்து நாம கிளம்புன கொஞ்ச நேரத்துல. யாரோ தள்ளுறாங்கன்னு சொன்னேன்ல, நீதான் திட்டுன. அவங்க என்னக் காப்பாத்தியிருக்காங்கண்ணா."

ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றியது. ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? நேராக அந்தத் தெருவுக்குப் போனேன்.

கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். செங்கல்லும் கம்பியும் குவியலாகக் கிடந்தன.

நீல டேப் இருந்தது.

சுத்தமாக. ஒரு கல்கூட அதன்மேல் விழவில்லை.

குவியல் அதற்கு இடப்பக்கம் கிடந்தது. கடைசி டேக்கில் அவள் போய் நின்றாளே... அங்கிருந்து இன்னும் ஓரடி தள்ளி.

இன்னும் ஒரு டேக் எடுத்திருந்தால்...

வேறு இடத்தில் எடுத்து வீடியோவை முடித்தேன். பாட்டு நன்றாக ஓடியது. தங்கை இப்போது மேடை மேடையாகப் பாடுகிறாள். அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். டேப்பைப் பற்றியும் சொன்னேன்.

"பாத்தியா, மேல பாக்குறார். விழப்போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "கல்லு உருண்டு போயிருக்கும். நீ எல்லாரையும் சந்தேகப்படுவண்ணா."

நேற்று மேடையிலிருந்து இறங்கியதும் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணா, இன்னிக்கும் அவர் தோளத் தொட்டார்."

"நீ என்ன பண்ண?"

"நகர்ந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"அவர் தள்ளுன பக்கம்தான்."