லூசி வாங்காத கடன்

நைனார்பாளையத்தில் லூசியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. புளி எடை போடும்போது தராசுத் தட்டில் யார் விரலாவது பட்டால் போதும், அந்த விரலுக்குச் சொந்தக்காரனின் பரம்பரையையே இழுத்துவிடுவாள். மாசி தொடங்கிப் புளி, அது முடிந்தால் பலா. மலைமேல் கரியாலூருக்குப் போய் மரத்தடியிலேயே விலை பேசி வாங்குவாள். மலையிலிருந்து இறக்கி உளுந்தூர்பேட்டை வரைக்கும் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவாள். வருகிற லாபத்தில் பாதியை வாடகை வண்டிக்காரன் கொண்டுபோய்விடுவான். இத்தனைக்கும் அவள் புருஷன் ஜான் டிரைவர்தான். ஊரான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி, பழசானாலும் சரி, வாங்கிவிட வேண்டும் என்பதுதான் லூசியின் வைராக்கியம். அதற்குத்தான் கள்ளக்குறிச்சியில் வங்கிப் படி ஏறினாள். கடன் பிரிவில் இருந்த அதிகாரி தேவிப்ரியா அவளுடைய ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஏற்கெனவே குழுக் கடன் வாங்கிட்டு பாதியில நிறுத்தியிருக்கீங்களே? சிபில் ஸ்கோர் ரொம்ப கம்மியா இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேர்ல பாக்கலாமா?"

ஜான் பேரில் பார்க்காமல் இருப்பதே மரியாதை. தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர்கள் அவன் பைக்கைச் சர்ச் வாசலில் வைத்தே தூக்கிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

"அந்தக் கடன நான் வாங்கவே இல்லீங்க மேடம்" என்றாள் லூசி. "பேரு மட்டுந்தான் என்னுது. துட்ட வாங்கினது எதுத்த வூட்டு கொளஞ்சியக்கா."

அவள் சொன்னது சத்தியம். அந்தத் தெருவில் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி பேர் கொடுப்பார்கள். குழுவில் ஒருத்திக்குக் கடன் கிடைக்கவில்லை என்றால் இன்னொருத்தி தன் பேரில் எடுத்து, பணத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவாள். தவணையை வாங்கியவள் கட்ட வேண்டும். மிளகாய்த்தூள் இரவல் கொடுப்பதுபோலப் பேரையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

கொளஞ்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சம்பளத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்ததால் மகள் கல்யாணத்துக்குப் புதிதாகக் கிடைக்கவில்லை. லூசி பேர் கொடுத்தாள். ஒரு வருஷம் தவணை ஒழுங்காகத்தான் போனது. பிறகு கொளஞ்சியின் புருஷன் பூமாலையை உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு போயிற்று. கையிருப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தவணை நின்றது.

வசூலுக்கு வந்தவர்கள் லூசி வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். "வாங்கினவ வூடு அந்தாண்ட இருக்கு, அங்க போய் உக்காருங்க" என்று விரட்டிவிட்டாள். வாங்காத கடனை ஒரு ரூபாய்கூடக் கட்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். குழு உடைந்தது. கொளஞ்சியோடு பேச்சும் நின்றது. நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எந்தக் கொம்பன் என்ன செய்துவிட முடியும் என்று இருந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"யார் செலவு பண்ணாங்கன்னு கம்ப்யூட்டர் பாக்காதுக்கா. யார் பேருன்னுதான் பாக்கும்" என்றாள் தேவிப்ரியா. "முதல்ல பாக்கிய முழுசா கட்டுங்க. பாதி கட்டினா போதும்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. பாதியில முடிச்சாங்கன்னே பதிவாயிடும். அப்புறம் சின்னதா கடன் வாங்கி ஒழுங்கா கட்டிக் காட்டுங்க. ரெண்டு வருஷம் ஆகும்."

பஸ் சின்னசேலம் வருவதற்குள் லூசிக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. ஊரில் இறங்கியவள் நேராகக் கொளஞ்சி வீட்டுக்குப் போனாள். எழ முடியாமல் கட்டிலில் கிடந்தான் பூமாலை. தலைமாட்டில் மருந்துப் பாட்டில்கள். கொளஞ்சி எழுந்து நின்றாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. இவளிடம் என்னத்தைக் கேட்பது? லூசி வந்த வழியே திரும்பினாள். "நானே கட்டிடறேன்" என்று அன்று ஜானிடம் சொன்னபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷப் புளி லாபம் முழுக்க அந்தக் கடனுக்குப் போனது. குழுக் கடன் கொடுத்த கம்பெனியின் ஆள், அவளாகத் தேடி வந்ததைப் பார்த்துவிட்டு, "பாதி குடுங்கம்மா, முடிச்சிக்கலாம்" என்றான்.

"முழுசா வாங்கிக்க. பாக்கி இல்லைன்னு எழுதி, முத்திர வச்சிக் குடு."

பாதி வேண்டாம் என்று சண்டை போட்ட ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து நடந்ததுதான் ஜானுக்குப் புரியவே இல்லை. லூசி தன் கம்மலை வங்கியில் வைத்து ஒரு சின்னத் தொகை வாங்கினாள். வாங்கிய பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் எடுத்துக் கட்டினாள்.

"துட்டு தேவயில்லன்னா ஏன்டி கடன் வாங்குற? வட்டிய வேற தண்டமா அழுதுகினு!"

"நம்மளும் திருப்பிக் கட்டற ஜாதிதான்னு காட்ட வேணாமா? உன் பைக்கு போனப்ப நீ காட்டியிருந்தா நான் ஏன் காட்டறேன்?"

அந்தக் கடன் முடிந்ததும் மிக்ஸி ஒன்றைத் தவணையில் எடுத்தாள். இரண்டாவது வருஷம் மலையில் விடாத மழை. ஏற்றிய பலா வழியிலேயே அழுகி முதலும் போனது. பானையும் காலி. ஒரு தவணை தப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போனாள். வியாபாரம் செய்கிறவள் கூலிக்கு வந்துவிட்டாளே என்று சிரித்தவர்களுக்கு நடுவில் நின்று கிழங்கு பிடுங்கினாள். உள்ளங்கை கிழிந்தது. தவணை தப்பவில்லை.

மறுபடி தேவிப்ரியாவின் முன் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். "ஏறிடுச்சுக்கா! வண்டிக் கடனுக்கு எழுதலாம். ஆனா சம்பளக்காரங்க யாராவது ஒருத்தர் ஜாமீன் போடணும். பழைய பாக்கி இருந்ததால மேலிடத்துல கேக்கறாங்க."

லூசிக்குத் தெரிந்த சம்பளக்காரர்கள் எத்தனை பேர்? வாத்தியார் வேலை பார்க்கும் சொந்தக்காரன் ராபின் பிள்ளைகள் படிப்பைச் சொல்லிக் கழன்றுகொண்டான். பஞ்சாயத்து கிளார்க் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. ஊருக்கே பாடம் அவள் கதைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கொளஞ்சியம்மாள் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போடறேன் லூசி. சம்பள ரசீது எட்தாந்திருக்கேன்."

லூசி விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்கப் பாத்திரங்கள் உருண்டன. ஆனால் மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள், வேறு வேறு சீட்டில்.

தேவிப்ரியா கொளஞ்சியின் எண்ணைத் தட்டினாள். "இவங்களுது அருமையா இருக்குக்கா. ஒரு தவணகூட தப்பல."

எப்படித் தப்பும்? அவள் பேரில் இருந்த கடனைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். கட்டாமல் போனது லூசியின் பேரில் அல்லவா இருந்தது. லூசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணத்தைத் தின்றவள் பேர் பளபளவென்று இருக்கிறது, பேரைக் கொடுத்தவள் கிழங்குக் காட்டில் கிடந்து எழுந்து வந்திருக்கிறாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வண்டியை நினைத்தாள், உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தைக் கொளஞ்சியின் பக்கம் நகர்த்தினார்கள். பேனாவை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள். பேனா காகிதத்தில் இறங்கவில்லை.

"லூசி... கட்டிடுவ இல்ல?"

"பயமா இருக்காக்கா?"

"இருக்குதுடி."

"எனக்கு அன்னிக்கி பயமே இல்லக்கா" என்றாள் லூசி. "ஒன்ன அவ்ளோ நம்பினேன்."

கொளஞ்சியம்மாள் தலையைக் குனிந்தாள். கண்ணீர் காகிதத்தில் விழாமல் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். பிறகு காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி வந்தது. தவணையும் தொடங்கியது. பணம் கட்டிய கையோடு லூசி மாதாமாதம் எதிர்வீட்டு வாசலுக்குப் போய், கேட்பதற்கு முன்னால் தானே சொல்கிறாள்: "இந்த மாசம் கட்டியாச்சுக்கா. நீ தூங்கு."