பாலம் இருக்கிற இடத்துக்குப் பாலம் கிடையாது

கடிதம் எழுதினால் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தயவில்தான் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. மாத்தளை மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் தமிழ்க் கடிதங்களைப் பார்க்கும் எழுதுவினைஞர் நான். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், எனக்கு ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது.

நீங்களும் எங்களுக்கு எழுதியிருப்பீர்கள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, குழாயில் காற்றுத்தான் வருகிறது என்று. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று பதிலும் வந்திருக்கும். அதைத் தட்டச்சு செய்தவள் என்னைப் போல் ஒருத்திதான். அப்பா வடக்கிலிருந்து மாற்றலாகி வந்ததால் நான் மாத்தளைக்காரி ஆனேன். காலையில் பல்லேபொலவில் பஸ் ஏறுவேன். வருகிற கடிதங்களைப் படித்து, சிங்களத்தில் சுருக்கி, மூலையில் குறிப்பெழுதி மேலே அனுப்புவேன். மேலே போனது எப்போது கீழே இறங்கும் என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியாது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு பாலத்தைப் பற்றியது.

ஹாஜியாரின் கான்

பாலத்துக்கு முன்னால் ஹாஜியாரைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் அவர் தேவைப்படுவார். கடைத்தெருவில் ஆணி, கம்பி, சீமெந்து விற்கிறவர். அவர் கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கான், ஓடாது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் படியேறிக் கடைக்குள் வந்துவிடும். கான் வீதித் திணைக்களத்துடையது என்று நாங்கள் எழுதுவோம். கானை மூடியிருக்கும் பலகைக்கல் சபை போட்டது என்று வீதித் திணைக்களம் எழுதும். இரண்டு பதிலையும் அவர் பத்திரமாகக் கவரில் போட்டு வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் ஒரு கடிதம் கொண்டுவருவார். அடித்தல் திருத்தல் இல்லாத அழகான பழைய தமிழ். ஒருமுறை மனம் கேட்காமல், "ஹாஜியார், நீங்கள் எழுதுகிற தமிழ் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வராது" என்று பாராட்டினேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"நான் எங்க மிஸ் எழுதின? இது எங்கட வாப்பா எழுதின கடிதம். அவர் மவுத்தாகி எத்தனையோ வருஷம். நான் திகதிய மட்டும் மாத்திக்கொண்டு வாறேன்."

ஆற்றில் பாதி

புதன்கிழமை எங்களுக்குப் பொதுமக்கள் தினம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்தால் அன்றைய கூலி போச்சு. அப்படி ஒரு புதன்கிழமைதான் செல்வராணி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், முப்பதைத் தாண்டாத வயது, சத்தமான பேச்சு. கூட அவள் புருஷன் மருதமுத்து. அவன் கதவோரம் நின்றானே தவிர உள்ளே வரவில்லை.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓர் ஆறு. ஆற்றின் மேல் லயத்து ஆட்களே போட்ட இரண்டு மரங்கள்தான் பாலம். மரம் உளுத்துவிட்டது, மழை நாளில் பாசி வழுக்குகிறது, சிறு பாலமாவது கொங்கிரீட்டில் கட்டித் தாருங்கள் என்பது மனு. லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் குறிப்பெழுதி அனுப்பினேன். ஒரு கரைதான் சபையுடையது, மறுகரை தோட்டக் கம்பனியுடையது, ஆகவே கம்பனியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று பதில் இறங்கியது. அதற்காகச் செல்வராணி தோட்டத்து மனேஜர் துரையின் கந்தோர் வாசலில் எத்தனை நாள் நின்றாளோ தெரியாது. ஒருநாள் கடிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"தொரை கையெழுத்துப் போட்டுட்டாரு மிஸ்! ஆத்துல பாதி அவங்களுதாம், அந்தப் பாதியையும் நீங்களே எடுத்துக்கலாமாம்!"

கை கொடுத்தவன்

இனி எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அவரை எல்லாரும் டீ.ஓ. என்பார்கள். நல்ல மனிதர். லஞ்சம் வாங்கமாட்டார், பொய் எழுதமாட்டார். அந்த இரண்டாவது குணம்தான் வினையாகப் போனது.

பார்த்துவிட்டு வந்து கோப்பில் எழுதினார்: "இவ்விடத்தில் பாவனையிலுள்ள பாலம் ஒன்று காணப்படுகிறது." அந்த ஒரு வரி போதும். புதிய பாலத்துக்கான நிதி, பாலமே இல்லாத இடத்துக்குத்தான். திருத்த வேலைக்கான நிதி, சபையின் பதிவேட்டில் உள்ள பாலத்துக்குத்தான். இது சனங்கள் போட்ட பாலம், பதிவேட்டில் கிடையாது. ஆகப் புதிதும் இல்லை, திருத்தமும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. "இரண்டு உளுத்த மரம் உங்களுக்குப் பாலமா சேர்?" என்று சிங்களத்தில் சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படவில்லை. என் மேசைக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் அது மேல நடந்துதானே மிஸ் அந்தக் கரைக்குப் போனேன். எனக்குப் பயம், மருதமுத்துதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். நடந்துட்டு வந்து, பாலம் இல்லன்னு எப்படி எழுதுறது?"

தடை நீங்கியது

அடுத்த புதன்கிழமை செல்வராணியிடம் இதைத் தமிழில் விளங்கப்படுத்தினேன். பாலம் இருக்கிறதால்தான் பாலம் கிடைக்கவில்லை என்று ஒரு மனுஷிக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கவனமாகக் கேட்டாள், தலையாட்டினாள், புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து இருவரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். செல்வராணி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். படத்தில் ஆறு இருந்தது, இரண்டு கரையும் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு சிரமதானம் செய்து, மரங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்களாம். "இப்ப பாலம் இல்ல மிஸ், கண்ணால பார்த்துக்கங்க. இனிமே என்ன சொல்லுவாங்க?" என்றாள். பிள்ளைகள் எப்படி அக்கரைக்குப் போவார்கள் என்று கேட்டேன். அவள் கதவோரம் பார்த்தாள். இத்தனை நாளும் வாயைத் திறக்காத மருதமுத்து முதன்முறையாக என்னிடம் பேசினான்.

"நான் ஒவ்வொண்ணா தோள்ல வச்சுக் கொண்டுபோய் விட்டுருவேங்க மிஸ். பாலம் வர்ற வரைக்கும்தானே."

ஞாபகமூட்டல்

பாலம் இல்லை என்பதையும் அரசாங்கம் நேரில் பார்க்க வேண்டும். போனில் உள்ள படம் செல்லாது. டீ.ஓ. மறுபடி மலையேற வேண்டும், சபையின் வாகனமோ கராஜில். அது வெளியே வந்தபோது டீ.ஓ. வேறு சபையின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதமுத்து காலையிலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் தோளில் பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தான். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் முடிந்தது கடிதம்தான், ஆகவே எழுதினேன். ஞாபகமூட்டல் ஒன்று, அதற்குப் பதில் இல்லாததால் இன்னொன்று. கடைசியில் செயலாளர் கூப்பிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, அவர் தலைக்கு மேல் இருந்த கோப்புகள் அப்படி.

"மிஸ், ஞாபகமூட்டல் கடிதத்துக்கு நீங்க இன்னொரு ஞாபகமூட்டல் எழுதினா கோப்புத்தான் தடிக்கும். பாலம் தடிக்காது."

புத்தகப் பைகள்

எங்கள் அலுவலக ஜன்னலில் நின்றால் ரிவர்ஸ்டன் பக்கத்து மலை தெரியும். ஒருநாள் காலை பத்து மணிக்கே அது மழையில் மறைந்துவிட்டது. மழை வலுக்கிறது என்று பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டார்கள். மருதமுத்து வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடத்தினான். தன் மகளையும் சேர்த்து எல்லாரும் லயத்துக் கரைக்கு வந்துவிட்டார்கள். பாரம் குறையட்டும் என்று புத்தகப் பைகளை மட்டும் அக்கரையில், ஒரு மரத்தடியில் குவித்து வைத்திருந்தார்கள். நனைந்துபோனால் வேறு புத்தகம் கிடைக்காது என்று பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அவன் திரும்பவும் இறங்கினான். போகும்போது இடுப்பளவு தண்ணீர். பைகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது மேலேயிருந்து செந்தண்ணீர் இறங்கிவிட்டது.

மறுநாள் கீழ்ப்பக்கத்து வயலோரம் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். எங்களுக்குச் செய்தி வந்தபோது நான் யாருக்கோ தெருவிளக்குப் பற்றிப் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தால் டீ.ஓ. என் மேசைக்கு முன்னால், அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரும் வரை காத்திருந்து கேட்டார்.

"பாலம் இல்லன்னு நான் ஒரு பொய் எழுதியிருந்தா, அவங்க அதைக் கழட்டியிருக்க மாட்டாங்க, இல்லையா மிஸ்?"

ஏகமனதாக

அடுத்த சபைக் கூட்டத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் பேசினார்கள். கண்ணீர் விட்டவர்களும் உண்டு, பொய்க் கண்ணீர் என்று சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றார்கள். பிறகு ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, தீர்மானம் நிறைவேறியது: அந்த இடத்தில் எதிர்காலத்தில் அமையவிருக்கும் பாலத்துக்கு அமரர் மருதமுத்துவின் பெயர் சூட்டப்படும். பாலத்துக்கு நிதி எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கான மதிப்பீடு மாகாண சபைக்குப் போய்விட்டது, அங்கே அது என்னைப் போன்ற ஒருத்தியின் மேசையில் இருக்கும்.

தீர்மானத்தைக் குடும்பத்துக்கு அறிவிக்கும் கடிதத்தைத் தமிழில் எழுத வேண்டியது என் வேலை. "மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்" என்று மாதிரிக் கடிதத்தில் இருந்தது. மகிழ்ச்சியை எடுத்துவிட்டு எழுதினேன். தபாலில் போட மனமில்லாமல், புதன்கிழமை செல்வராணி வேறு அலுவலாக வந்தபோது கையில் கொடுத்தேன். அவளுக்குப் பழைய சத்தம் இல்லை. எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது? கடிதத்தை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டாள்.

"பேர அப்புறம் வைக்கலாம் மிஸ். மொதல்ல பாலத்த வைக்கச் சொல்லுங்க."

ஹாஜியாரின் கம்பி

போன மாதம் ஹாஜியார் கடைக்கு ஒரு பூட்டு வாங்கப் போயிருந்தேன். கானைப் பற்றி ஆரம்பிப்பார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கானைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்து ஆட்கள் வந்து தடித்த கம்பி கேட்டதாகவும், எதற்கென்று தெரிந்ததும் காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியதாகவும் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "எனக்கிட்ட கேக்காதீங்க மிஸ், நீங்க ஆபீஸ் ஆள்" என்று பூட்டைப் பையில் போட்டுத் தந்துவிட்டார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் செல்வராணி நின்றாள். பக்கத்தில் மகள், சலவை செய்த வெள்ளைச் சீருடை, புதுப் புத்தகப் பை. ஆற்றுக்குப் பயந்து லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்தச் சீருடையைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போகிறாளா?" என்றேன். போகிறாள் என்று தலையாட்டினாள். எப்படி என்று நான் கேட்கும் முன்பே என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"மழையில விழுந்த ரெண்டு சவுக்கு மரத்த இழுத்துப் போட்டு, ஹாஜியார் குடுத்த கம்பியால கட்டியிருக்கோம் மிஸ். ஆபீஸ்ல மட்டும் சொல்லிறாதீங்க, பாலம் இருக்குன்னு எழுதிருவாங்க."

ஆக, பெயர் வைத்த பாலம் எங்கள் கோப்பில் இருக்கிறது, பிள்ளைகள் நடக்கிற பாலம் ஆற்றின் மேல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற நீங்கள் அதைக் கண்டால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எங்களுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிவிடாதீர்கள்.