முப்பத்தெட்டாம் நம்பர் சாவி

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஒரு டயர் கடை. அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார் நாகூர் மீரான். வயது ஐம்பத்திரண்டு. புது ஆட்கள் காரைக் கொண்டுவந்தால் முதலாளி இத்ரீஸ், "எங்க அண்ணனுக்குக் கழுகுக் கண்ணு" என்று பெருமையடிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு மீரானுக்கும் பிடித்துப் போயிருந்தது. அதனாலேயே, கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்து இரண்டு வருடமாகியும் அவர் கடையில் வாய் திறக்கவில்லை. மனைவி நூர் பீவி வாங்கிக் கொடுத்த கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பின்சக்கரம் பஞ்சராகி ஒரு மைவி கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஜெயலெட்சுமி. புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை. மூன்று மணி ஷிஃப்டுக்குக் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போகவேண்டும்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. இது செகண்ட் ஹேண்ட் கார். லாக் நட் சாவிய பழைய ஆளு தொலைச்சிட்டாராம். நம்பர் மட்டும் என் வீட்டுக்காரர் எழுதி வச்சிருக்காரு. முப்பத்தெட்டு."

திருட்டுக்குப் பயந்து ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் இப்படி லாக் நட்டாகப் போடுவார்கள். அதைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கும். அதே அளவு சாவிதான் அதைக் கழற்றும். கடையில் அப்படி நம்பர் பொறித்த இருபது சாவிகள் ஒரு பெட்டியில் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம். மீரான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு நட்டில் செருகினார். லேசாக ஆடியது. சரியான சாவி ஆடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் நட் கழற்றும் ஏர் கன்னை வைத்து அழுத்தினார்.

கரகரவென்று சத்தம். சாவி வழுக்கி, நட்டின் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது.

"நீங்க சொன்ன நம்பர் தப்பும்மா" என்றார், அவளை ஏறிட்டுப் பார்க்காமல்.

அவள் கணவன் நம்பர் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "ஐயோ, சாரி அண்ணே. அவரு எப்பவும் இப்படித்தான் லா, எதையும் ஒழுங்கா எழுதமாட்டாரு. உங்களுக்கும் வீண் கஷ்டம்."

இத்ரீஸ் வந்து ஒரு குழாய் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அந்த நட்டை எப்படியோ கழற்றினார். அதற்குள் மூன்றரை ஆகியிருந்தது.

அவள் போன பிறகு மீரான் சாவியைப் பெட்டியில் வைக்கப் போனார். முப்பத்தெட்டு என்று எழுதிய குழியில் ஏற்கெனவே ஒரு சாவி இருந்தது. காலியாக இருந்தது முப்பத்தாறாம் நம்பர் குழி. கையிலிருந்த சாவியில் பொறித்த நம்பரின் கடைசி எழுத்தைத் தடவிப் பார்த்தார். ஆறு.

காது மடல் சுட்டது. இத்ரீஸ் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். மீரான் சாவியை வைத்துப் பெட்டியை மூடினார். மறுநாள் முதல் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கேட்டவர்களிடம் தலைவலி என்றார். "சாரி அண்ணே" என்ற அந்தக் குரல் மட்டும் தொழும்போதுகூட அவரை விடவில்லை.

அடுத்த வாரம் அவளே திரும்பி வந்தாள். கையில் ஒரு பை கறிபாப் பலகாரம்.

"அன்னைக்கு உங்கள ரொம்பப் படுத்திட்டேன். இத எல்லாரும் சாப்பிடுங்க. மத்த மூணு லாக் நட்டையும் எடுத்துட்டு சாதா நட் போட்டுடுங்கண்ணே. அந்த நம்பரால வீட்டுல பெரிய சண்டை. ஒரு வாரமா நானும் அவரும் பேசிக்கிறதில்ல."

பையை வாங்க மீரானுக்குக் கை நீளவில்லை.

"நம்பர் சரிதாம்மா" என்றார். "எனக்குக் கண்ணு தெரியல. முப்பத்தாற எடுத்துட்டேன். உங்க மேல பழியப் போட்டேன்."

 ஜெயலெட்சுமி ஃபோனை எடுத்துக் கணவனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன் நீட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க."

மீரான் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சத்தமா பேசுங்கண்ணே, இங்க மெஷின் ஓடுது" என்றான் அவள் கணவன் புவனேஸ்வரன்.

"நீங்க எழுதுன நம்பர் சரிதான்! நான்தான் தப்பான சாவியப் போட்டேன்! உங்க வீட்டம்மாகிட்ட பொய் சொன்னேன்!"

இத்ரீஸ் திரும்பிப் பார்த்தார். டயர் மாற்றக் காத்திருந்த இரண்டு சீனர்களும், தமிழ் புரியாவிட்டாலும், நிமிர்ந்து பார்த்தார்கள்.

 "சரிண்ணே" என்றான் புவனேஸ்வரன். "அவகிட்ட குடுங்க."

அவள் ஃபோனோடு வெளியே போய் நின்று வெகுநேரம் பேசினாள். அதற்குள் இத்ரீஸே முப்பத்தெட்டாம் சாவியை எடுத்துப் போய் மூன்று நட்டையும் கையாலேயே கழற்றினார். 

காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"ஆமாம்மா" என்றார் மீரான்.