சுவர் வழியாகக் கேட்ட விளையாட்டு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போன். "அக்கா, அவசரமா உங்க காது வேணும்."

ரத்தம் கேட்டுப் போன் செய்திருக்கிறார்கள். கட்டுரை கேட்டுச் செய்திருக்கிறார்கள். காது கேட்டு யாரும் செய்ததில்லை.

பேசியது சலீம். எங்கள் ஊர் நெல்லித்தோப்பில் டி.வி. மெக்கானிக். எங்கள் வீட்டு டி.வி.யை இருபது வருடமாகச் சாகவிடாமல் வைத்திருப்பவர். இப்போது இன்னொரு வேலையும் செய்கிறார். ஆள் உயரத்தில் நிற்குமே, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி — அதையெல்லாம் தேடி வாங்கி, சுத்தம் செய்து, ஓடவைத்து விற்கிறார்.

சரி, அதற்கு என் காது எதற்கு?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை. ஒன்றரை மாதம் படுக்கை. கீழாநெல்லி, மோர், உப்பில்லாத கஞ்சி. நான் படுத்திருந்த அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை. சலீமின் அண்ணன் நடத்தியது. வாசலில் மெரூன் திரை, திரைக்கு உள்ளே பையன்கள் மட்டும். பெண் பிள்ளைகள் அந்த வாசலில் கொஞ்சம் மெதுவாக நடந்தாலே தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அதனால் நான் அந்த கேமைப் பார்த்ததே இல்லை. கேட்டேன். ஒன்றரை மாதமும் அதைத்தான் கேட்டேன்.

முதலில் ஒரு 'டிங்'. பிறகு டொப்... டொப்... டொப்... ஒரு பெண் படி இறங்குகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடற்கரையில், தண்ணீருக்குள் போகும் படிகள். டொப் டொப் வேகமாகும். ஒரு 'க்ளுக்'... முழங்கால் வரை தண்ணீர். சட்டென்று ஒரு 'கீச்'... மீன் குறுக்கே ஓடுகிறது. கடைசியில் அந்த ராகம் வரும். ஐந்தே ஐந்து ஸ்வரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி, கடைசி ஸ்வரம் மட்டும் நீளமாக... அவள் படியை விட்டுவிட்டு மெதுவாக மிதந்து கீழே போகிறாள்.

கடலுக்கு அடியில் இன்னொரு நெல்லித்தோப்பு இருந்தது. அதே தெரு, அதே ரேஷன் கடை, பச்சையாக ஒரு வெளிச்சம். அங்கே யாருக்கும் காமாலை இல்லை. எங்கே போகிறாய் என்று எந்தப் பெண்ணையும் யாரும் கேட்பதில்லை.

அந்த ராகம் முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் எல்லாரும் சேர்ந்து "ச்சே..." என்பார்கள். அவள் தண்ணீருக்குள் மறைந்துவிட்டாளே, இனி பார்க்க முடியாதே என்று வருத்தப்படுகிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ராகத்துக்காக எப்படிக் காத்துக் கிடப்பேன் தெரியுமா? சில நாள் கால் மணி நேரம் ஆனாலும் வராது. அழுகையே வந்துவிடும்.

காமாலை போய்விட்டது. கடையும் எஸ்.டி.டி. பூத் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஊர் என்னிடமே இருந்தது. பிரசவ வலியில் அந்தப் படிகளில்தான் இறங்கினேன். அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்திருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அங்கேதான் போய் வந்தேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை. முதல் முறையாக உங்களிடம்தான் உளறுகிறேன்.

இரண்டு மாதம் முன்பு சலீம் எங்கள் டி.வி.யைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டே என்னை மறந்து அந்த ஐந்து ஸ்வரங்களை முணுமுணுத்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றுவிட்டது. "அக்கா, இது எங்க அண்ணன் கடை கேமு சத்தமாச்சே!"

இப்போது அதே பெட்டி சேதராப்பட்டில் ஒரு காயலான் கடையில் கிடைத்திருக்கிறதாம். கிளம்பிப் போனேன். அவர் வீட்டுப் பின்பக்க ஷெட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. புதுப் பலகை அடித்திருந்தார். பட்டன்கள் ஷாம்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, திரும்பவும் செர்ரிப் பழ நிறத்துக்கு வந்திருந்தன. உள்ளே இருந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்திருந்தார். பல்லி எலும்புக்கூடு ஒன்று, கல்லாகிப்போன சூயிங்கம், ஒரு எட்டணா.

"எல்லாம் ஓடுதுக்கா. சத்தந்தான் தகராறு. சவுண்டு போர்டுல ஒரு சின்ன பார்ட்டு கருகிப்போச்சு, அது மேல இருந்த நம்பரும் போச்சு. வேற வேற பார்ட்டு போட்டா வேற வேற மாதிரி கத்துது. இத வாங்கப்போற சொல்தா ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டு, இது இல்லன்ட்டுப் போய்ட்டாரு. இன்னிக்கும் சரியில்லன்னா பொட்டியே வேணாங்கறாரு."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இந்த சொல்தா, முசியே ஆல்பேர், பிரான்ஸ் போவதற்கு முன்னால் இந்தப் பெட்டியிலேயே குடியிருந்தவர்.

"நீயும் அங்கதான கெடந்த? உனக்குத் தெரியாதா?"

"மெட்டு ஞாபகம் இருக்கு, சத்தம் ஞாபகம் இல்லக்கா. ஆடும்போது யாருக்குக் காது இருந்துச்சு? கண்ணு மட்டுந்தான் இருந்துச்சு."

நியாயம்தான். நான் ஒரு நிபந்தனை போட்டேன். சுவரைப் பார்த்துத்தான் உட்காருவேன், ஸ்கிரீனைப் பார்க்க மாட்டேன். சலீம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னவென்று சொல்வது? அதில் ராக்கெட்டோ ரேஸ் காரோ ஓடினால் என் படிகள் போய்விடும், என் தெரு போய்விடும். உண்மையிலேயே பயமாக இருந்தது.

முதல் பார்ட். "வேணாம், லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு." இரண்டாவது கீச்சென்று இருந்தது. மூன்றாவது, நான்காவது... சால்டரிங் புகை, மறுபடி 'டிங்', மறுபடி டொப் டொப். ஏழாவதில் அந்த ஐந்து ஸ்வரங்கள் வந்தன.

கை ரோமம் எழுந்து நின்றது. சுவரில் காரை பெயர்ந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. "இதான் சலீம்..." என்றேன்.

நாலு மணிக்கு சொல்தா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சலீம் பெட்டியை ஓடவிட்டார். ராகம் வந்தது. கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே திரும்பி அவரைப் பார்க்கிறேன்... மனிதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மோன் தியே, கடவுளே! இதேதான்! இதக் கேட்டா இன்னும் கை தானா பாக்கெட்டத் தொடுது!"

"ஏன்?"

"ஏன்னா? மதாம், இது கேம் ஓவர் சத்தம்! எவ்ளோ காச இதுல உட்டேன் தெரியுமா? ஃபீஸ் காசுகூட உட்டுருக்கேன்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அந்த "ச்சே" படி இறங்கிய என் பெண்ணுக்காக இல்லையா? அவள் ஊர் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு பையன் வெறும் பையோடு நின்றிருக்கிறானா? கால் மணி நேரம் ராகம் வரவில்லை என்று நான் அழுத நாளெல்லாம் எவனோ ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறான்! நெல்லித்தோப்புப் பையன்கள் தோற்க வேண்டும் என்று ஒன்றரை மாதம் படுத்துக்கொண்டே வேண்டியவள் நான். முதலில் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாம் தோற்று முனகிய ஏதோ ஒரு மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களோ? யாருக்குத் தெரியும்?

ஷெட்டில் அப்போது சொல்தாவுக்கு ஒரே சந்தோஷம். "வாங்க மதாம், மொத ஆட்டம் நீங்கதான் ஆடணும்."

ஸ்கிரீனைப் பார்க்கலாமா? ஒரே ஒரு முறை? பதில் வருவதற்குள் என் கையே முந்திக்கொண்டது. கொடியில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரீன் மேல் போட்டேன்.

"பாக்காம எப்படி ஆடுவீங்க?" என்றார் சொல்தா.

"தோக்கறதுக்கு எதுக்கு முசியே பாக்கணும்?"

சலீம் தட்டில் இருந்த எட்டணாவை எடுத்து நீட்டினார். போட்டேன். 'டிங்'. ஸ்டிக்கைத் தொடவில்லை, பட்டனைத் தொடவில்லை. டொப்... டொப்... க்ளுக்... கீச். ஐந்து ஸ்வரங்கள்.

எனக்குப் பின்னால், ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பையன்கள் தங்களை அறியாமல் சேர்ந்து "ச்சே..." என்றார்கள்.

நான் இறங்கிவிட்டேன்.